கை நீட்டி அளந்த வானம்

டிசம்பர் 7, ஞாயிறு

உயிருள்ள உடம்பைப் பார்த்து வரைந்து பழக சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போய்க் கவின்கலைக் கல்லூரியில் சேர வேண்டும் என்பார்கள். அங்கே மாடலை மேடையில் உட்கார வைப்பார்கள். எனக்கு ஒகேனக்கல் போதும். விடுமுறை நாளில் பாறைகளின் மேல் எண்ணெய் மசாஜுக்காக ஆண்கள் குப்புறவும் மல்லாந்தும் கிடக்கிறார்கள். தொப்பை, விலா, தோள்பட்டை, குதிகால் எதையும் யாரும் மறைப்பதில்லை. மசாஜ் செய்பவரின் உடம்பு அதைவிட நல்ல பாடம். முழங்காலை மடக்கி, மொத்த எடையையும் உள்ளங்கையில் இறக்கும்போது அவர் முதுகில் தசை திரள்வதை எந்த அனாடமி புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அனுமதி கேட்டுக்கொண்டுதான் வரைகிறேன். இன்றைக்கு ஒருவர், "முகம் மட்டும் வேணாம் சார், வீட்ல பார்த்தா சிரிப்பாங்க" என்றார். பாதங்களை என் பக்கம் நீட்டிப் படுத்திருந்தார். அந்தக் கோணத்தில் பாதம் தலையைவிடப் பெரிதாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதை மனசு ஒப்புக்கொள்ளாது. 'மனுஷன் தலை இவ்வளவு சின்னதா?' என்று கையைப் பிடித்து இழுக்கும். அப்போது முழங்கையை மடக்காமல் பென்சிலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பாதம் எத்தனை விரற்கடை, தலை எத்தனை என்று அளக்க வேண்டும். அளந்த பிறகு கை தானாக வழிக்கு வருகிறது.

அவர் படுத்திருந்த பாறையையும் கொஞ்சம் வரைந்தேன். ஒகேனக்கல் வட்டாரத்துக் கார்பனடைட் பாறைகளுக்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி. அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேலான காலம் இந்தக் கல் இங்கே இருந்திருக்கிறது. அதன் மேல் இன்று நல்லெண்ணெய் வழிந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

பக்கத்து வீட்டுத் தாத்தா திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து கொடுத்தார். கழுத்தெலும்புக் குழிகள் அற்புதம். "அசையக் கூடாதா தம்பி?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். தருமபுரி இருக்கும் அட்சரேகையில் பூமியின் சுழற்சி நம்மை விநாடிக்குச் சுமார் 455 மீட்டர் கிழக்கே கொண்டுபோகிறது. அந்த ஐந்து நிமிடத்தில் தாத்தா 136 கிலோமீட்டர் போயிருக்கிறார். இங்கிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போகிற தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். சூரியனைச் சுற்றும் ஓட்டத்தைச் சேர்த்தால் விநாடிக்கு 30 கிலோமீட்டர், ஐந்து நிமிடத்துக்கு 9,000 கிலோமீட்டர். காலையில் இதைச் சொன்னால் கூலி கேட்பார்.

டிசம்பர் 13, சனி

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரைந்தேன். மார்பு நேராக, பாதம் பக்கவாட்டில், கையில் வில். தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய்ச் செத்தவனை ஒரே தளத்தில் தட்டையாக நிறுத்திவிடுகிறார் சிற்பி. நடுகற்கள் சிலவற்றில் தலைக்கு மேலே சூரியனும் பிறையும் இருக்கும். சந்திராதித்தர் உள்ளவரை இவன் பேர் நிற்கும் என்று பொருள். அந்த வானத்தையும் இருட்டில் பார்க்க அமாவாசைக்குக் காத்திருக்கிறேன்.

டிசம்பர் 20, சனி

ஊருக்கு வெளியே மாந்தோப்பு. இருட்டு நன்றாக இருந்தது. கிழக்கே ஓரியன் ஏறி வந்தது. இதுவும் மனித உருவந்தான். இரண்டு தோள், இடுப்பில் வரிசையாக மூன்று நட்சத்திரம், கீழே இரண்டு கால். ஒரு தோள் நம் திருவாதிரை.

பென்சிலுக்குப் பதில் கையை நீட்டினேன். நீட்டிய கையில் சுண்டு விரலின் அகலம் வானத்தில் ஏறக்குறைய ஒரு பாகை, மூடிய முட்டி பத்து பாகை. முழு நிலா அரைப் பாகைதான், சுண்டு விரலுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். திருவாதிரையிலிருந்து எதிர்ப்பக்கத்துக் காலான ரீகல் வரை கிட்டத்தட்ட இரண்டு முட்டி. ஒகேனக்கல் பாறையில் செய்த அதே வேலைதான்.

இந்த உருவம் நடுகல் வீரனைப் போலத் தட்டையாகத் தெரிகிறது, ஆனால் தட்டையில்லை. ஒரு தோளான பெலாட்ரிக்ஸ் சுமார் 250 ஒளியாண்டில் இருக்கிறது. மற்றத் தோளான திருவாதிரை 500 ஒளியாண்டுக்கும் அப்பால். ரீகல் 860 வாக்கில். ஒரு தோள் நம் பக்கம் நீண்டு, கால் தொலைவில் போய்விட்ட உடம்பு. பாறையில் படுத்திருந்தவரின் கோணம் தலைகீழாக. வேறொரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பவனுக்கு இங்கே வீரனே இருக்க மாட்டான்.

இன்னொன்று. பத்தடி தள்ளி உட்கார்ந்த தாத்தாவிடமிருந்து வெளிச்சம் என் கண்ணுக்கு வர விநாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அவரையும் 'இப்போது' நான் பார்க்கவில்லை. திருவாதிரையின் வெளிச்சம் கிளம்பி ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. வித்தியாசம் அளவில்தான்.

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் மசாஜ்காரரின் படத்தைத் திருத்தினேன். கையை வரைவதைவிட, கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை வரைந்தால் கை சரியாக வந்துவிடும். இந்த வித்தையை வானியலாளர்களும் அறிவார்கள். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போன சமயம், மறைப்பதற்கு முன்பே நட்சத்திர ஒளி விட்டுவிட்டு மங்கியது. அந்த மங்கல்களிலிருந்துதான் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தன. மங்கலைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்து ஜவ்வாது மலையிலுள்ள காவலூர்.

'பிரபஞ்சத்துக்கு முன்னால் நாமெல்லாம் தூசு' என்று மேடையில் சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. தூசு என்றால் எத்தனை விரற்கடை? அளக்காமல் பிரமிப்பதும் அளக்காமல் வரைவதும் ஒரே சோம்பேறித்தனம். எதிரே இருப்பது எண்ணெய் பூசிய முதுகோ ரீகலோ, முதலில் கையை நீட்ட வேண்டும்.

தருமபுரிக்காரர்கள் திருப்பத்தூர், ஆலங்காயம் வழியாகக் காவலூர் போகலாம். 1986-இல் திறந்த 2.3 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். மேகம் குறுக்கிடலாம், விசாரித்துக்கொண்டு போங்கள். ஒரு பென்சிலும் எடுத்துப் போங்கள்.