கல்லு என்றால் எந்தக் கல்லு?

ஓட்டப்பிடாரம் பக்கம் ஒருவருக்கு ஸ்கேனில் "கல்லு இருக்கு" என்று வந்துவிட்டால், மறுநாள் காலையில் அந்த வீட்டு அடுப்படிக்கு வாழைத்தண்டு வந்துவிடும். எந்தக் கல், எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சிறுநீரகக் கல்லுக்குச் சொல்லும் கைவைத்தியம் அப்படியே பித்தப்பைக் கல்லுக்கும் போய்விடுகிறது. ஆனால் பித்தப்பை, சிறுநீர் போகும் பாதையிலேயே இல்லை. எத்தனை டம்ளர் சாறு குடித்தாலும் அது அந்தக் கல்லைத் தொடாது.

பெயரும் கொஞ்சம் குழப்புகிறது. தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம் என்று சொல்லிப் பழகிய ஊரில், பித்தப்பை என்று நிஜமாகவே ஒரு உறுப்பு இருப்பது பலருக்கு ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிகிறது.

பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. பித்தப்பை வெறும் கிடங்குதான், 50 மில்லி அளவுக்குத்தான் பிடிக்கும். எண்ணெய்ச் சாப்பாடு உள்ளே போனதும் அது சுருங்கி, இருப்பைக் குடலுக்கு அனுப்புகிறது. அதுவரை சும்மா இருப்பதில்லை. பித்தநீரிலுள்ள தண்ணீரை உறிஞ்சிச் சுண்ட வைக்கிறது. தருவைகுளம் பக்கத்து உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பாத்தியில் கடல் நீர் சுண்டச் சுண்ட உப்பு பூக்கிற மாதிரி, பித்தநீரில் கொலஸ்ட்ரால் அளவுக்கு மிஞ்சினாலோ, பை சரியாகச் சுருங்காமல் பித்தநீர் தேங்கினாலோ, துகள் துகளாகப் படிந்து கல்லாகிவிடும்.

எல்லாக் கல்லும் கொலஸ்ட்ரால் இல்லை. வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கல் அதிகம். தென்னிந்தியாவில் நிறமிக் கற்களின் பங்கு கூடுதல். சிவப்பணுக்கள் அதிகமாக உடையும் நோய்களில் கறுப்புக் கல் உருவாகிறது. நீலகிரிப் பழங்குடிகளிடம் 1952-ல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் சோகை அப்படி ஒன்று. ஆகவே ஒல்லியாக இருப்பவருக்குக் கல் வராது என்று நினைக்க வேண்டாம்.

சரி, வந்தால் எப்படித் தெரியும்? ஓட்டப்பிடாரத்துப் பெரியம்மா ஒருவருக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாடு முடிந்த அன்று ராத்திரி வலித்தது. மேல்வயிற்றில், வலப்பக்கம் விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகில் தோள்பட்டை வரை இழுத்தது. "ஒண்ணுமில்லட்டி, வாய்வுப் பிடிப்பு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, சோடா குடித்துப் படுத்தார். இரண்டு மணி நேரத்தில் வலி தானாகவே போய்விட்டது. சோடாதான் கேட்டது என்று நினைத்துக்கொண்டார். பித்தப்பை வலியின் குணமே அதுதான். வரும், சில மணி நேரம் இருக்கும், போய்விடும். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

பிறகு கண் மஞ்சளானது. பக்கத்து வீட்டிலிருந்து கீழாநெல்லி வந்தது. சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பு. ஐந்தாம் நாள் குளிர் காய்ச்சல் வந்தபோதுதான் மகள் பதறிப்போய் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனார். கல் ஒன்று பையை விட்டு நழுவிப் பித்தக் குழாயை அடைத்திருந்தது. கீழாநெல்லியைப் பற்றி இங்கே வாதம் வேண்டாம். குழாயில் சிக்கிய கல்லை எந்த இலையும் நகர்த்தாது, அவ்வளவுதான். வாய் வழியாகக் குழாய் விட்டு அந்தக் கல்லை எடுத்தார்கள். காய்ச்சல் தணிந்த பிறகு பித்தப்பையையும் எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கிருமி பரவி ஆளே போயிருக்கலாம்.

ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் பச்சை பச்சையாக வெளியே வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் படத்தோடு சுற்றுகிறதே, அதையும் சொல்லிவிடலாம். 2005-ல் லான்செட் இதழில், ஒரு பெண்மணி இப்படி வெளியேற்றிய "கற்களை"ச் சோதித்து எழுதியிருந்தார்கள். அதில் கொலஸ்ட்ரால் துளியும் இல்லை. குடித்த எண்ணெயே குடலுக்குள் சோப்புக் கட்டியாகத் திரண்டிருந்தது :)

அறுவை சிகிச்சை என்றதும் பயப்படுகிறவர்கள் கவனிக்க: பித்தப்பையை முதன்முதலில் 1882-ல் பெர்லினில் லாங்கன்புக் எடுத்தார். சிறு துளை வழியாக எடுப்பதை 1985-ல் ஜெர்மனியின் எரிக் மூஹே செய்து காட்டினார். அப்போது சக மருத்துவர்கள் அவரைக் கேலிதான் செய்தார்கள். 1990-ல் மும்பையில் டாக்டர் உத்வாடியா செய்தார். கிடங்கு போனாலும் தொழிற்சாலை ஓடுகிறது, அதனால் செரிமானம் பெரும்பாலும் தடைபடுவதில்லை.

வராமல் தடுக்க முழு உத்தரவாதம் கிடையாது. வயது, பெண்ணாக இருப்பது, பிரசவங்கள், குடும்ப வழி எதையும் மாற்ற முடியாது. எடையை மாற்றலாம், ஆனால் மெதுவாக. வாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைகிற பட்டினி டயட்டே கல்லை உண்டாக்கும். கொழுப்பு கரையும்போது பித்தநீரில் கொலஸ்ட்ரால் ஏறுகிறது. சாப்பாடு இல்லாததால் பையும் சுருங்குவதில்லை. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓடுகிறவர்களும் இதை யோசிக்கலாம். கம்பு, பயறு, காய்கறி, தினமும் நடை, வேளைக்குச் சாப்பாடு. இதற்கு மேல் பெரிய ரகசியம் இல்லை.

வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்து, வலியே இல்லை என்றால் பெரும்பாலும் அதை அப்படியே விட்டுவிடச் சொல்வார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு அது தொந்தரவே தருவதில்லை. பெரியம்மாவின் தங்கைக்கும் அப்படி ஒரு கல் இருக்கிறது. அவர் வாழைத்தண்டைக் கூட்டு வைத்துச் சாப்பிடுகிறார், ருசிக்காக.