நிற்காத பேருந்து

திருப்பலி முடிந்து பந்தலையும் பிரித்தாயிற்று. மறுநாட் காலையில் ஒரு மூதாட்டி நமது பங்கு இல்லத்தின் படியேறி வந்தார். மாஞ்சோலையில் ஆயுளெல்லாம் கொழுந்து பறித்தவர்.

"சாமி, நம்ம மலைச் சனங்களுக்குப் பூசை என்னைக்கு?"

"நேற்றே முடிந்துவிட்டதே அம்மா. சாலையோரம் அவ்வளவு பெரிய விளம்பரப் பலகை வைத்திருந்தோமே!"

"பாத்தேன் சாமி. பஸ் நிக்கலையே. உங்க முகம் தெரிஞ்சுது; தேதி தெரியலை."

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற காட்டில் எழுந்தவை மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள். குத்தகை 2028-இல் முடியவேண்டியிருக்க, 2024 ஜூன் மாதத்திலேயே தோட்ட வேலை நின்றது. தலைமுறைகளாகச் சுவரோடு சுவராக லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல, ஆளுக்கொரு திசையாய்ச் சமவெளிக்கு இறங்கின. அவர்களை ஒரு நாளேனும் ஒன்றாகக் கூட்டவே அப்பலகையை நிறுத்தினோம். அந்த அம்மாளோ தம் பழைய அண்டை வீட்டாரைக் காணாமலே திரும்பிப்போனார்.

அன்று மாலை சாலைக்குச் சென்று நமது பலகையை நாமே படித்துப் பார்த்தோம். ஆயர் படம், நமது படம், பங்குப் பேரவையினர் படங்கள், நன்கொடையாளர் பெயர்கள், நாம் விரும்பிச் சேர்த்த நீண்ட வாழ்த்துரை! தேதி, கீழ்மூலையில் ஒரு பூங்கொத்தின்மேல் கிடந்தது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். சன்னலோரம் இருப்பவருக்குக் கிடைப்பது நாலைந்து விநாடி. பலகை விளம்பரத் தொழிலில் தேர்ந்தவர்கள் ஏழு சொற்களுக்குள் முடிக்கச் சொல்வது இதனால்தான். ஒரு படம், ஒரு செய்தி, எஞ்சியது வெற்றிடம்.

முன்பு ஓவியர் சாரத்தின்மேல் ஏறி நின்று தூரிகையால் எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் அவருடைய உழைப்பு தேவைப்பட்டது. ஆகவே யோசித்துச் சொல்லைக் குறைத்தோம். இன்று ஃபிளெக்ஸ் அச்சில் சதுர அடிக்கே விலை. எத்தனை எழுத்தைத் திணித்தாலும் கட்டணம் ஏறாது. அந்த விலையைப் படிப்பவர் செலுத்துகிறார்.

அமுல் வெண்ணெய்ப் பலகைகளை எண்ணிப் பார்க்கிறோம். 1966-இல் பம்பாயில் தொடங்கியது முதல் ஒரு சிறுமி, ஒரு வரி, ஒரு பெயர். அவ்வளவே, அறுபது ஆண்டுகளாகப் போகிற போக்கில் மக்கள் படித்துச் சிரிக்கிறார்கள். தொடக்கக் காலப் பலகையொன்றில் ஆண்டவர் கற்பித்த செபத்தின் ஓர் அடியையே வெண்ணெயோடு இணைத்திருந்தார்கள். வணிகர்கள் நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்ட சுருக்கத்தை நாம் மறந்துபோனோம்!

வழிப்போக்கர் படிப்பதற்கென்று உயரத்தில் வைத்த பலகையொன்று நற்செய்தியிலும் உண்டு. சிலுவையின்மேல் பிலாத்து வைத்த குற்ற அறிக்கையில் ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு பட்டம் மட்டுமே இருந்தன. மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். இடம் நகருக்கு அருகில் இருந்ததால் பலர் படித்தனர் என்கிறார் யோவான். அதை மாற்றி நீட்டி எழுதுமாறு கேட்டவர்கள் யாவர்? தலைமைக் குருக்கள்! குருவாகிய நமக்கு இவ்விடம் சுருக்கென்று தைக்கிறது.

எளிமை என்பது அழகுக்கலையின் விதி மட்டுமன்று. அது பிறரன்பும் ஆகும். நம்மை எங்கே விலக்கிக்கொள்கிறோமோ, அங்கே மற்றவருக்கு இடம் பிறக்கிறது.

அடுத்த கூடுகைக்கு அச்சகம் சென்று, "மாஞ்சோலை மக்களே, வாருங்கள்" என்ற அழைப்பும் தேதியும் இடமும் மட்டும் போதும் என்றோம். அச்சகத் தம்பி தயங்கினார்: "பாதி இடம் சும்மா கிடக்கே சாமி. உங்க படத்தைப் போட்டிரலாமா?"

"வேண்டாம் தம்பி. தேதியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குங்கள்" என்றோம்.