வேறுபாட்டை விளக்கும் தாள்

அமெரிக்காவில் சம்பளக்காரனாக இல்லாமல் தனியாகத் தொழில் செய்பவனுக்கு, வேலை கொடுத்தவர்கள் ஜனவரி முடிவுக்குள் 1099-என்இசி என்ற படிவம் அனுப்புகிறார்கள். இன்னொரு பிரதி வரி இலாகாவுக்குப் போகிறது. நான் ஆஸ்பத்திரிகளில் தமிழ் நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பவன். 2024-இல் எனக்கு 6,400 டாலர் கொடுத்ததாக ஒரு ஸ்தாபனம் எழுதியது. பாங்கியில் வந்தது 4,600. இலக்கங்கள் இடம் மாறியிருந்தன.

வராத 1,800 டாலருக்கும் வரி உண்டு. சுயதொழில் வரி நிகர வருமானத்தில் 92.35 சதவீதத்தின் மேல் 15.3 சதவீதம். அது மட்டுமே சுமார் 254 டாலர். வருமான வரி தனி. திருத்திய படிவம் கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினேன். பதில் இல்லை.

படிவத்தில் உள்ளதையே போட்டுக் கட்டிவிடுங்கள், எதற்கு வம்பு என்றார் நண்பர். அச்சானது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழைய பயம் இது. சட்டத்துக்கு அந்தப் பயம் இல்லை. ஷெட்யூல் சி-யில் பெற்றதைத்தான் எழுத வேண்டும். படிவத் தொகை அதைவிட அதிகமென்றால், வேறுபாட்டை விளக்கி ஒரு தாள் இணைக்கச் சொல்கிறது.

பில்களையும் பாங்கி வரவுகளையும் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டு ஆறு வரிகள் எழுதினேன். என்னைப் பற்றி இன்னொருவர் எழுதிய பிரதியை அழிக்க எனக்கு அதிகாரமில்லை. அது இலாகாவில் இருக்கும். பக்கத்தில் இந்தத் தாளும் இருக்கும்.