நான்கு மணிக்கு நிகழ்ச்சி இல்லை

எங்கள் சபை ஆடவர் ஐக்கியத்தின் தியான முகாமுக்கு இந்த ஆண்டு நான்தான் செயலாளர். பட்டர்வொர்த்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேநீரோடு கூட்டம். பத்து ஃபெரிங்கியில் இரண்டு நாள், ஓர் இரவு. நான்கு செய்திகள், வேதபாடம், கடற்கரை விளையாட்டு, இரவு பார்பிக்யூ. ஐந்து நிமிடம்கூட வீணாகாமல் பட்டியல் போட்டிருந்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இதுல நாம பேசிக்கிறது எப்போ?"

"கலந்துரையாடல் இருக்கே அண்ணே."

"அது மைக்குல பேசுறது." சற்று நிறுத்தினார். "போன வருஷம் நான் முகாமுக்கு வந்தப்ப, அக்காவுக்குப் புற்றுநோய்னு டாக்டர் சொல்லி மூணு நாள்தான் ஆச்சு. அவதான் போயிட்டு வாங்கன்னா."

அக்காவின் நோய் பல வாரம் கழித்துத்தான் சபைக்குத் தெரிந்தது. அந்த முகாமில் அவரும் நானும் ஒரே அறை. கயிறு இழுக்கும் போட்டியில் அவர் சிரிக்கும் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

அன்றிரவே இரண்டு செய்திகளை எடுத்துவிட்டேன். பாலம் வழியாகப் போகும் பேருந்தும் வேண்டாம். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை நம் அப்பாக்கள் ஃபெரியில்தான் தீவுக்குப் போனார்கள். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் கடல். பக்கத்தில் பக்கத்தில் நின்று, தண்ணீரைப் பார்த்தபடி பேசினால் ஆண்களுக்கும் வாய் திறக்கும். அக்கரையில் வேன் காத்திருக்கட்டும்.

சனிக்கிழமை மாலை 4 மணிக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. "அப்போ என்ன செய்யப் போறோம்?" என்று போதகர் கேட்டார்.

"தேத்தண்ணி மட்டும் வைப்போம் பாஸ்டர்."

அறைகளையும் பிரித்தாகிவிட்டது. இந்த முறையும் அண்ணனோடு நான்தான்.