இந்தப் படத்தை எங்க மாட்டுறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் ராஜகோபுரத்துக்கு எதிர்ல ஒரு காலேஜ் பையன் வரைஞ்சுட்டு இருந்தான்.
பரீட்சை அட்டையில கிளிப் போட்ட பேப்பர். கரியைக் கட்டைவிரலால தேய்ச்சுத் தேய்ச்சு நிழல் கொண்டு வர்றான்.
11 நிலையும் வந்துருச்சு!

"தம்பி, முடிச்சுட்டு எங்க வைப்பீங்க?"
"போன்ல போடுவேண்ணே. வேற எங்க வைக்க?"

மனசு கேக்கல.

தமிழ்நாடு அரசு முத்திரையில இருக்கிறது இந்தக் கோபுரம்தான்னு ஊரே சொல்லும். அந்த முத்திரையை வரைஞ்சவர் ஓவியர் கிருஷ்ணா ராவ். மதுரை மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைஞ்சார்னும் சொல்றாங்க.
அவரை நம்ம பக்கத்துக் காலேஜ் ஒண்ணுல உக்கார வச்சு, பசங்க நேரா கேட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்!

சென்னையில 1850லயே ஓவியப் பள்ளி வந்தாச்சு.
ராஜபாளையமும் லேசுப்பட்ட ஊரில்ல. முதலமைச்சரா இருந்த குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர்.

நமக்கு வேண்டியது பசங்க படத்தை மாட்ட ஒரு காலேஜ் வராந்தா, நாலு விளக்கு. வரைஞ்சவங்க வந்து பேச மாசம் ஒரு சாயங்காலம். அவ்வளவுதான்.

ராஜபாளையம், ஸ்ரீவி காலேஜ்கள்ல பாடம் எடுக்கிறவங்க இங்க யாராவது இருக்கீங்களா? எங்க போய் முதல்ல கேக்கலாம்?