எதுலயும் ஓடும்

எனக்கென்று லேப்டாப் வாங்கும்போது நான் பார்த்த பார்வை வேறு. லினக்ஸ் போட ஆசைப்பட்டு யோசனை கேட்டவர்களுக்குச் சொன்ன பதில் வேறு. நான் வாங்கியது சென்னை ரிச்சி தெருவில், ஏதோ ஒரு கம்பெனி லீஸ் முடிந்து கழித்துவிட்ட திங்க்பேட் டி480. 2018 மாடல். கடைக்குப் போகும் முன்பே அதில் வைஃபை கார்டு இன்டெல்தானா, என்விடியா கிராபிக்ஸ் சில்லு தனியாக ஒட்டாத ரகமா, பயாஸ் அப்டேட்டை லினக்ஸிலிருந்தே போட முடியுமா என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படித்திருந்தேன். கடையிலும் விடவில்லை. பென்டிரைவிலிருந்து உபுண்டு என்ற லினக்ஸைக் கிளப்பி, மூடியை மூடித் திறந்து, கேமராவில் என் மூஞ்சியைப் பார்த்து, என் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்த பிறகுதான் பர்ஸைத் திறந்தேன். என்னிடம் கேட்டவர்களுக்கோ ஒரே வரிதான்: "எதை வேணா வாங்குங்க, லினக்ஸ் எதுலயும் ஓடும்."

முழுப் பொய் என்று அதைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இத்தனை வருஷம் கூசாமல் சொல்ல முடிந்தது. இன்று கடையில் இருக்கிற பெரும்பாலான லேப்டாப்களில் பென்டிரைவைச் செருகினால் லினக்ஸ் எழுந்து உட்கார்ந்துவிடும். திரை வரும், கீபோர்டு வேலை செய்யும், ஃபயர்பாக்ஸ் திறக்கும். வினை அதற்குப் பிறகுதான். வைஃபை, கேமரா, கைரேகை, மூடியை மூடினால் தூங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனித்தனி சில்லு, தனித்தனி டிரைவர். சில்லு செய்கிற கம்பெனி டிரைவரை எழுதி, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் சேர்த்துவிட்டால் கவலை இல்லை. சேர்க்காவிட்டால், எங்கோ யாரோ ராத்திரி கண்விழித்து நோண்டிக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினாரே, அந்தக் கடுப்பு இதனால் வந்ததுதான். அந்த வீடியோவை எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டிச் சிரித்திருக்கிறேன். போட்டுக் காட்டிய கையோடு, "அதனால வாங்குமுன்ன கொஞ்சம் பாத்து வாங்குங்க" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் அக்கா மகளுக்கும் சொல்லவில்லை.

கல்லூரியில் கடைசி வருஷத்துக்கு முந்தைய வருஷம் அவளுக்கு. ஆன்லைன் தள்ளுபடியில் கண்ட ஒரு லேப்டாப்பின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பி, "மாமா, இதுல லினக்ஸ் ஓடுமா? ஆஃபர் நைட்டோட முடியுது" என்று கேட்டாள். மெல்லிசு, பார்க்க லட்சணம், 12-ஆம் தலைமுறை இன்டெல். அவள் அனுப்பிய படத்தைக்கூட நான் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. "ஓடும் பாப்பா, வாங்கிக்கோ" என்று தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

அந்தத் தலைமுறையில் வந்த சில மெல்லிய லேப்டாப்களில் கேமரா வழக்கம்போல யூஎஸ்பி வழியாக இணைந்திருக்காது. போனில் இருப்பதுபோல வெறும் சென்சார் மட்டும் மேலே இருக்கும். அது அனுப்புகிற பச்சைத் தகவலைப் படமாக்குகிற வேலை, பிராசசருக்குள் இருக்கும் ஐபியூ6 என்ற பகுதிக்கு. யூஎஸ்பி கேமரா என்றால் லினக்ஸில் செருகியதும் வேலை செய்யும், அதற்குப் பொதுவான டிரைவர் பல வருஷமாக இருக்கிறது. ஐபியூ6-க்கு அப்போது கர்னலில் ஒன்றும் இல்லை. இது லினக்ஸ் வட்டாரத்தில் எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த சங்கதி. நானும் படித்திருந்தேன்.

லேப்டாப் வந்து, உபுண்டு போட்டு, "மாமா, கேமரா கறுப்பா இருக்கு" என்றாள். உடனே எனக்கு விளங்கிவிட்டது. "திருப்பி அனுப்பிடு, இன்னும் நாள் இருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் சொன்னது, "அப்டேட் வரும்டா, பொறு." அப்டேட் வந்தது உண்மை. 2024-இல், 6.10 கர்னலோடு. அதுவும் பாதிக் கிணறுதான், மீதி வேலையை லிப்கேமரா என்ற மென்பொருள் செய்தாக வேண்டும். அவளுடைய முதல் இன்டர்வியூ 2023-இல் நடந்தது.

இன்டர்வியூ நடந்தபோது நான் பக்கத்தில் இல்லை, பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். கேமராவை ஆன் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். இவள் செட்டிங்ஸுக்குள் போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போயிருக்கிறாள். கடைசியில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து முகத்துக்கு ஒன்று, கோடு எழுதிக் காட்டுவதற்கு லேப்டாப் ஒன்று என்று இரண்டு இணைப்பில் உட்கார்ந்திருக்கிறாள். போன் இரண்டு முறை சரிந்து விழுந்ததாம். அந்த வேலை கிடைக்கவில்லை. கேமராவால்தான் என்று அவள் சொல்லவில்லை. அடுத்த வாரமே விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கொண்டாள், என்னிடம் கேட்காமல்.

அதற்குப் பிறகு நான் செய்தது இதைவிடக் கேவலம். அக்கா பேச்சுவாக்கில் கேட்டபோது, "அவளுக்குப் பொறுமை பத்தலக்கா" என்றேன். அக்கா சட்டென்று நிமிர்ந்து, "ஏன்டா, நீ சொல்லித்தானே வாங்கினா?" என்றாள். நான் காபித் தம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டேன்.

ஏன் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆள் சேர்க்கிற ஆசை ஒரு காரணம். கேட்கிறவரிடம் வைஃபை கார்டு, கேமரா ரகம் என்று பட்டியல் போட்டால், "ஐயோ, இவ்வளவு இருக்கா?" என்று அவர் கழன்றுகொள்வார். முதலில் இழுத்துப் போடுவோம், உள்ளே வந்த பிறகு கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். மதப் பிரசாரகர்களை நான் கிண்டல் செய்வதுண்டு. செய்ததென்னவோ அதே வேலை.

இன்னொரு காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உதவி கேட்டு வரும் போன் அழைப்புகள் எனக்குப் பிடித்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில், "சார், வைஃபை மறுபடி போச்சு" என்று யாராவது கூப்பிட வேண்டும், நான் போய்ச் சரிசெய்ய வேண்டும். ஆபீஸ் நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் இருந்த வைஃபை சில்லுக்குக் கர்னலில் டிரைவர் கிடையாது. வெளியிலிருந்து எடுத்துப் போட்ட டிரைவர், ஒவ்வொரு கர்னல் அப்டேட்டுக்கும் கழன்று விழும். நான் போய் அவர் போனை யூஎஸ்பியில் செருகி நெட் எடுத்து, கறுப்புத் திரையில் நாலு வரி தட்டி, டிரைவரைத் திரும்பக் கட்டிக் கொடுப்பேன். அவர் மனைவி, "உங்க தலையில என்னதான் இருக்குண்ணா!" என்பார். மெதுவடை வரும். இதற்கு நிரந்தரமாக ஒரு வழி இருந்தது, அது எனக்குத் தெரியும். அந்த லேப்டாப்பில் வைஃபை கார்டு பலகையோடு சால்டர் வைத்ததல்ல, கழற்றக்கூடியது. 22 மில்லிமீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் நீளம், ஒரே ஒரு ஸ்குரூ, மேலே இரண்டு ஆன்டெனா வயர். கால் மணி நேர வேலை.

கடைசியில் அவரே எங்கோ படித்துவிட்டு, "சார், கார்டையே மாத்திட்டா என்ன?" என்று கேட்டார். "மாத்தலாமே, இன்டெல் ஏஎக்ஸ்211 நல்ல கார்டு" என்றேன் பெரிய மனுஷன் தோரணையில். அவருடையது ஏஎம்டி ரைசன் லேப்டாப். ஏஎக்ஸ்201, 211 இரண்டும் இன்டெல் பிராசசரோடு சேர்ந்தே இயங்குபவை, வைஃபை வேலையில் ஒரு பகுதி பிராசசர் பக்கமே நடக்கிறது. ஏஎம்டியில் அவை வெறும் அட்டை. 200, 210 என்ற எண்கள்தான் இரண்டிலும் ஓடும். இது எனக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் காசு வீணாகி, 210 வாங்கி, தானே மாட்டினார். வயரின் முனையில் இருக்கும் கொண்டை பொட்டளவுகூட இருக்காது. நகத்தால் அழுத்தும்போது டிக்கென்று உட்கார வேண்டும், கோணலாக அழுத்தினால் நசுங்கிவிடும். ஒழுங்காகவே உட்கார வைத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூப்பிடுவதே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்குக் குறையாக இருந்தது. போன ஞாயிறு வரைக்கும்கூட.

தூக்கம் பற்றியும் ஒன்று. பழைய லேப்டாப்களில் மூடியை மூடினால் மெமரியைத் தவிர மற்றதெல்லாம் அணைந்துவிடும். எஸ்3 என்பார்கள். சில வருஷங்களாக வருகிற பல மாடல்களில் அது எடுக்கப்பட்டு, போன்போல அரைத்தூக்கம் போடுகிற ஏற்பாடு வந்திருக்கிறது. லினக்ஸில் அது சில மாடல்களில் நன்றாக நடக்கிறது, சிலவற்றில் ஏதோ ஒரு சில்லு தூங்காமல் விழித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பையன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் காட்டினான். அடியில் கை வைக்க முடியவில்லை, சார்ஜும் காலி. "பேட்டரி வீக் ஆயிருக்கும் தம்பி" என்று அனுப்பிவிட்டேன். பேட்டரி புதிது, லேப்டாப்பும் புதிது.

இவ்வளவுக்கும் நடுவில் என் திங்க்பேடிலேயே ஒரு மூலையில் விண்டோஸ் இருந்தது. என் மனைவி நடத்துகிற சின்னத் தொழிலுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உண்டு. அதை லினக்ஸில் இயக்க முட்டி மோதி, முடியாமல் விட்டுவிட்டேன். அதில் தப்பே இல்லை. ஆனால், லேப்டாப் கிளம்பும்போது எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனுவில் 'விண்டோஸ்' என்ற வரி தெரியுமே! நாலு பேர் முன்னால் லினக்ஸ் பற்றிப் பேசப்போகும் நாளில் மெனு காட்டும் நேரத்தைச் சைபராக்கி வைத்துவிட்டுப் போவேன். எங்கள் லினக்ஸ் கூட்டங்களுக்கு வருகிற பாதிப் பேர் இப்படித்தான் செய்வார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டதில்லை.

இப்போது யாராவது கேட்டால் முதலில் மாடலின் முழுப் பெயரை, பின்னால் தொங்கும் எழுத்தும் எண்ணுமாக, கேட்கிறேன். ஒரே பெயரில் விற்கிற லேப்டாப்பில் ஒரு பேட்ச்சில் ஒரு கம்பெனி வைஃபை கார்டும் அடுத்த பேட்ச்சில் வேறொன்றும் வருவது சகஜம். உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல், தான் சோதித்துச் சான்று கொடுத்த மாடல்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. டெல் 2012-இலிருந்தே எக்ஸ்பிஎஸ் 13-இல் உபுண்டு போட்டு விற்றிருக்கிறது, லெனோவோ 2020-இல் எக்ஸ்1 கார்பனை ஃபெடோரா என்ற லினக்ஸோடு விற்கத் தொடங்கியது. இப்படி லினக்ஸோடு வந்த மாடல் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதையே வாங்கச் சொல்கிறேன், பளபளப்பாக இல்லாவிட்டாலும்.

புதிதுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களோடு கடைக்கே போகிறேன். பென்டிரைவைக் கண்டதும் கடைக்காரர் முகம் மாறும். "வைரஸ் எதுவும் ஏறிடாதே சார்?" என்பார். உள்ளே எதுவும் எழுதாது, அணைத்தால் பழையபடி இருக்கும் என்று சொல்லிப் பார்ப்பேன். காட்சிக்கு வைத்த பீஸில் சிலர் விடுவார்கள், சிலர் மாட்டேன் என்பார்கள். விட்டால், முதலில் கேமரா. கறுப்பாக இருந்தால் லினக்ஸுக்கு இது வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடுகிறேன். சிலர் அப்படியும் அதையே வாங்குகிறார்கள், விலையும் நிறமும் பிடித்துப்போய். விண்டோஸோடு அவை நன்றாகவே ஓடுகின்றன.