வாஷிங்டன் சுந்தரை எங்கே இறக்குவது?

நைனார்பாளையம் பக்கம் எந்த ஊர் டீமை எடுத்தாலும் அப்படி ஒருத்தன் இருப்பான். ஓப்பனிங் ஆள் வரலையா, அவன். பந்து போட ஆள் பத்தலையா, அவன். எல்லாத்துக்கும் ஆவான், ஆனா அவனுக்குன்னு ஓர் இடம் இருக்காது. இந்திய டெஸ்ட் அணியில் அந்த ஆள் நம்ம வாஷிங்டன் சுந்தர்.

2021 ஜனவரி, பிரிஸ்பேன். முதல் டெஸ்டிலேயே ஏழாவதாக இறங்கி 62. ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ரன். மார்ச்சில் அகமதாபாத்தில் எதிர்முனையில் ஆள் தீர்ந்துபோய் 96-லேயே நின்றார். 2024-ல் புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக 11 விக்கெட்.

2025 ஜூலையில் மான்செஸ்டர்: ஐந்தாவதாக வந்து 101 நாட் அவுட், தோற்க வேண்டிய மேட்ச் டிரா. நவம்பரில் கொல்கத்தாவில் மூன்றாவது இடம்: 29, 31. இந்தியா 93-க்குச் சுருண்ட அந்த இன்னிங்ஸில் 31-தான் அதிகபட்சம். அடுத்த டெஸ்டிலேயே குவாஹாட்டியில் எட்டாவது!

காமர்ஸ் பசங்களுக்குப் புரியும். இருப்பாய்வு டேலி ஆகலைன்னா வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவாங்க. அது தற்காலிகம்தான்; பிழை கிடைச்சதும் அந்தக் கணக்கை மூடியாகணும். சுந்தர் மட்டும் அனாமத்திலேயே கிடக்கிறார்.

மூன்றாவது என்றால், நாள் முழுக்கப் பந்து போட்டுவிட்டு உடனே பேடு கட்டணும். எட்டாவது என்றால், அகமதாபாத் கதைதான். ஐந்து அல்லது ஆறுதான் சரி: மூச்சு விட நேரமும் இருக்கும், நிலைத்து ஆடத் துணைக்கு ஆளும் இருக்கும்.

நீங்க என்ன சொல்றீங்க மக்களே?